மாந்தைத் துறையும் யூத வணிகர் ஆவணங்களும்

மன்னார்த் தீவுக்கு எதிர்க்கரையில், திருக்கேதீச்சரத்தை அடுத்துள்ள மாந்தை பண்டைய பெருந்துறையாகும். 1980 முதல் 1984 வரை நிகழ்ந்த அகழ்வில் மேற்காசிய, சீன மட்கலங்கள் அங்கு வெளிப்பட்டன. அவற்றைக் கொணர்ந்தோருள் யூதரும் இருந்தனரா? சரந்தீபு எனத் தாம் வழங்கிய இலங்கையில் யூதர் பலர் வாழ்ந்ததாகப் பத்தாம் நூற்றாண்டில் அபூ சைது அல்-சிராஃபி எழுதினார்.

யூத வணிகரின் சொந்தக் கடிதங்கள் கெய்ரோவிற் கிடைத்தன. இறைவன் பெயர் பொறித்த ஏட்டை அழித்தலாகாது என்னும் மரபினால் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் ஏடுகள் குவிந்தன. அவற்றுட் பெரும்பகுதியைச் சாலமன் செக்டர் 1896-97இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். வேறொரு பகுதி நியூயோர்க் யூத இறையியற் கல்லூரியில் உள்ளது. இந்திய வணிகம் பற்றிய கடிதங்களைக் கோய்தைன் விரிவாக ஆராய்ந்தார்.

அவை பெரும்பாலும் 11, 12ஆம் நூற்றாண்டுகளுக்குரியன; மாந்தையோ 11ஆம் நூற்றாண்டளவில் தளர்ந்துவிட்டது. எனவே அதன் செழிப்புக் காலத்துக்கு அவற்றை நேர்ச்சான்றாகக் கொள்ளல் பொருந்தாது. மேலும், எழுதியோர் வணிகர். சுமை இறக்கியோரும் முத்துக் குளித்தோரும் ஏட்டில் அரிதாகவே தோன்றுவர். அவர்தம் வரலாற்றுக்கு மண்ணே ஆவணம். போரினால் அகழ்வு தடைப்பட, அதன் அறிக்கை 2013இலேயே நூலாயிற்று. எஞ்சிய மாந்தை மேட்டைக் காத்தலே நமது முதற்பணி என்க.