இரும்பு விசிறியும் இரும்புச் சிறுவனும்

சீனர்கள் இந்நாளில் எடுக்கும் இயந்திர மனிதச் சித்திரப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒரு குறையைத் தவறாமல் சொல்கிறார்கள்: "எல்லாம் சரிதான், ஆனால் ஜப்பான்காரன் சாயல் அடிக்கிறதே!" குறை நியாயமானதே. ஆனால் கொடுக்கல் வாங்கல் என்று வந்துவிட்டால் பழைய பேரேட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டுமல்லவா? அதிலே முதலில் கொடுத்த பெயர் சீனப் பெயர்.

1941-ல் ஷாங்காய் நகரில் வெளிவந்த 'இரும்பு விசிறி இளவரசி' என்ற படத்தைச் சொல்கிறேன். சீனாவின் முதல் முழுநீளச் சித்திரப் படம் அது. கறுப்பு வெள்ளை, எழுபது நிமிஷத்துக்குச் சற்று மேலே ஓடும். எடுத்தவர்கள் வான் சகோதரர்கள். முக்கியமாக, 1900-ல் பிறந்த இரட்டையர்களான வான் லாய்மிங், வான் குச்சான்.

எப்பேர்ப்பட்ட காலம் தெரியுமா? 1937 நவம்பரிலேயே ஷாங்காயின் சீனப் பகுதிகள் ஜப்பானியச் சேனையின் வசமாகிவிட்டன. வெள்ளைக்காரர்களின் குடியேற்றப் பகுதி மட்டும் சண்டையில் சேராமல் நடுவே நின்றது. 'அனாதைத் தீவு' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள் ஜனங்கள். அந்தத் தீவுக்கு 1938-ல் டிஸ்னியின் 'ஸ்நோ வைட்' வந்தது, கூட்டம் அலைமோதிற்று. நம்மாலும் முடியாதா என்று முதலாளிக்குத் தோன்றியது; சகோதரர்களுக்கோ அது எத்தனையோ வருஷத்துக் கனவு.

கதையை வெளியே தேடிப் போகவில்லை. காஞ்சிபுரத்துக்கு வந்து போனவராக நம் சரித்திரப் புத்தகத்தில் படித்தோமே, அந்த யுவான் சுவாங்கின் யாத்திரையை வைத்துப் பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த 'மேற்குப் பயணம்' என்ற நாவலில் ஒரு பகுதி அது. வழியிலே எரியும் மலை. தீயை அணைக்கவல்ல விசிறியோ எருமை அசுரனின் மனைவியிடம். துறவியின் சீடர்களான குரங்கு வீரனும் பன்றி முகத்தானும் மற்றொருவனும் அதைக் கைப்பற்ற வேண்டும்.

படத்தின் குறைகளை மூடி மறைப்பதற்கில்லை. நடிகர்களை நடிக்கவிட்டுப் படம் பிடித்து, ஒவ்வொரு சட்டமாகக் கண்ணாடியில் விழச் செய்து, அதன்மேல் கோடு இழுக்கும் வித்தை ஒன்று உண்டு. ரோட்டோஸ்கோப் என்பார்கள், அமெரிக்காவில் மாக்ஸ் பிளைஷர் கண்டுபிடித்தது. பழகாத கைகள் அநேகம் வேலை செய்யும் இடத்தில் அது சௌகரியமான வழி. ஆனால் சௌகரியத்துக்கு விலை கொடுத்தே தீரவேண்டும். இளவரசியின் முகம் ஒரு நிலையில் நிற்காமல் நடுங்குகிறது. சித்திரத்து முகத்துக்குள் உயிருள்ள மனுஷியின் கண் மாட்டிக்கொண்டு விழிப்பதுபோல் சில இடங்களில் பயமாகக்கூட இருக்கிறது. பக்கத்திலேயே குரங்கும் பன்றியும் ரப்பர் பொம்மைகளாக வளைந்து நெளிந்து அமெரிக்கக் கோமாளித்தனம் செய்கின்றன. இரண்டும் ஒரே உலகத்துப் பிராணிகள் என்று நம்ப முடியவில்லை. கஷ்டகாலத்தில் எடுத்தது என்பதற்காக ஆட்டங்கண்ட கோட்டை நேர்க்கோடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் எருமை அசுரன் தன் சுயரூபம் கொண்டு பாய்கிற கடைசிக் கட்டம் வந்ததும், அதுவரை கண்டுபிடித்த குறையெல்லாம் மறந்துபோகிறது. சீடர்கள் தனித்தனியே போனபோது தோற்றார்கள். இப்போது ஊர் ஜனங்களும் சேர்ந்துகொண்டு அந்த மிருகத்தைத் துரத்தி மடக்குகிறார்கள். மூலக்கதையில் தேவசேனை வந்து செய்யும் காரியத்தை இங்கே குடியானவர்கள் செய்கிறார்கள்! தீவைச் சுற்றிலும் யாருடைய துப்பாக்கிகள் நின்றன என்பதை அறிந்த ஷாங்காய்வாசிக்கு எருமை யார் என்று எவரும் விளக்க வேண்டியிருந்திராது. அந்த வருஷம் டிசம்பரில் அந்தத் தீவும் மூழ்கியது. ஜப்பானியர் உள்ளே புகுந்துவிட்டார்கள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், 1942-ல் இந்தப் படமே ஜப்பானில் திரையிடப்பட்டது! அங்கே பார்த்துப் பிரமித்தவர்களில் டெசுகா ஒசாமு என்ற பள்ளி மாணவரும் ஒருவர். பின்னாளில் அவர் குரங்கு வீரன் கதையைத் தம் பாணியில் சித்திரத் தொடராக வரைந்தார். 1952-ல் 'ஆட்டம்' என்ற இரும்புச் சிறுவனின் தொடரையும் தொடங்கினார். 1963-ல் அவன் தொலைக்காட்சியில் பறக்கத் தொடங்கினான். மனிதன் உள்ளே ஏறி உட்கார்ந்து ஓட்டும் 'மஜிங்கர்' போன்ற ராட்சதர்கள் 1972-லும் பிறகும் அந்த வழியில் வந்தவர்கள்தாம்.

சீனாவில் வான் லாய்மிங் சும்மா இருக்கவில்லை. 'வானுலகில் அமளி' என்ற அவருடைய வர்ணப் படத்தின் முதல் பாகம் 1961-லும் இரண்டாம் பாகம் 1964-லும் தயாராயின. நடுங்கும் கோடு அதில் இல்லை. அமெரிக்கச் சாயலும் இல்லை. பீக்கிங் நாடக மேடையின் தாளமும் கோயில் சுவரோவியத்தின் வர்ணமும் கலந்த தனி நடை. அந்த நடையிலிருந்து சீனர்கள் தங்களுக்கென்றே ஓர் இரும்பு வீரனை உண்டாக்கியிருக்கலாம். 1966-ல் கலாசாரப் புரட்சி வந்தது. படம் பெட்டிக்குள் போயிற்று. சைத்திரிகர்கள் தூரிகையைக் கீழே வைத்தார்கள். ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் பத்து வருஷம் கழிந்தது.

1980 டிசம்பரில் சீனத் தொலைக்காட்சியில் 'ஆட்டம்' வந்து இறங்கியபோது குழந்தைகள் அவனை வாரி அணைத்துக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? இன்று இயந்திர மனிதப் படம் எடுப்பவர்களில் பலர் அவனையும் அவன் தம்பிமார்களையும் பார்த்து வளர்ந்தவர்கள்.

மறு வருஷம் டெசுகா சீனாவுக்குப் போய், எண்பது வயதைக் கடந்துவிட்ட வான் லாய்மிங்கைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து ஒரே காகிதத்தில் குரங்கு வீரனையும் இரும்புச் சிறுவனையும் வரைந்தார்கள்.