டிசம்பர் மைதானம்

2020 டிசம்பர் 6 அன்று ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் மகளிர் அணி, மதர்வெல் அணியை 9–0 என்று வென்றது. அந்த ஒன்பதில் ஒரு கோலை அடித்தவர் ஙாங்கோம் பாலா தேவி. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தவர், பத்தாம் எண் சட்டைக்காரர், மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்டத்துப் பெண். ஐரோப்பாவின் முதல்நிலை மகளிர் லீக் ஒன்றில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் கோல் அது. பெருந்தொற்றுக் காலம் என்பதால் கைதட்ட ஆள் இல்லை.

அந்தக் கோலை எனக்குக் காட்டியது என் மாணவி. வகுப்புகள் கைப்பேசித் திரையில் நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. இரவு பத்து மணிக்கு ஒரு காணொளித் துண்டை அனுப்பி, "மேம், இவங்க நம்ம ஊர் டீம்கிட்ட தோத்தவங்கதான், தெரியுமா?" என்று கேட்டிருந்தாள். எனக்குத் தெரியாது. தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்குக் கால்பந்து எங்கிருந்து தெரியும் என்று நானே எனக்குச் சலுகை கொடுத்துக்கொண்டேன். பிறகு தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதியாட்டத்தில் மதுரையின் சேது எஃப்.சி., மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று கோப்பையை எடுத்தது. அந்தத் தொடரில் மணிப்பூர் போலீஸுக்காக 26 கோல் அடித்து முதலிடத்தில் நின்றவர் பாலா தேவி. அடுத்த ஆண்டு ஜனவரி 29 அன்று ரேஞ்சர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது.

மதுரை அணி ஒன்று நாட்டின் கோப்பையை வென்றது எனக்கு ஏன் ஒன்றரை ஆண்டு கழித்து, அதுவும் கிளாஸ்கோ வழியாகத் தெரியவருகிறது? இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து தொடங்குகிறது.

நான் இருப்பது முத்தாபுதுப்பேட்டையில். விமானப்படை வளாகத்தின் நீண்ட மதில்தான் இந்த ஊரின் அடையாளம். ஆவடிப் பக்கம் போனால் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. இந்தப் பகுதியில் பெரிய திறந்தவெளி என்றால் அது பெரும்பாலும் ஏதாவது ஒரு மதிலுக்கு உள்ளே இருக்கும். மிச்சம் இருப்பவை விற்காத மனைகள். எல்லைக்கல் நட்ட அந்த மனைகளில் மார்கழி விடியலிலிருந்தே பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். பால் வாங்கப் போகும் சிறுமிகள் ஓரமாக, பந்து வந்தால் ஒதுங்கி, நடந்து போவார்கள். பந்து அவர்கள் காலடிக்கு வந்து நின்றாலும் குனிந்து கையால் எடுத்துத்தான் வீசுகிறார்கள். பல வருடங்களாகப் பார்க்கிறேன். உதைத்தவள் ஒருத்திகூட இல்லை.

பந்து நம் இலக்கியப் பெண்களுக்கு அந்நியமானது அல்ல. சங்கப் பாட்டில் ஓரை ஆடும் ஆயம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்றே ஒரு பகுதி உண்டு. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தடிப்பதை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் இருக்க முடியாது. ஆனால் அங்கெல்லாம் பந்து கையில் இருக்கிறது. பாடும் கண் பந்தைப் பார்ப்பதில்லை, பந்தடிக்கும் உடம்பைப் பார்க்கிறது. அவள் வென்றாளா, களைத்தாளா, யாரோடு போட்டி என்பது புலவருக்குப் பொருட்டே இல்லை. இருபது ஆண்டுகளாக அதை அழகு என்று நடத்தியவள் நான்.

பாலா தேவி போய்ச் சேர்ந்த நாட்டின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. 1881 மே மாதம் எடின்பரோவின் ஈஸ்டர் ரோட்டில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து என்று பெயர் சூட்டிக்கொண்ட இரண்டு பெண்கள் அணிகள் மோதின. ஸ்காட்லாந்து 3–0 என்று வென்றது. செய்தித்தாள்கள் ஆட்டத்தைவிட ஆட்டக்காரிகளின் உடையைப் பற்றியே விரிவாக எழுதின. ஒரு வாரம் கழித்து கிளாஸ்கோவில் ஆடியபோது கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. பெண்கள் குதிரை வண்டியில் ஏறித் தப்பிக்க வேண்டியிருந்தது.

பிறகு முதல் உலகப்போர் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போக, குண்டும் தோட்டாவும் செய்யும் ஆலைகளுக்குள் பெண்கள் வந்தார்கள். இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் டிக் கெர் என்ற ஆலையின் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைத்து, ஓர் அணியாகவே ஆகிவிட்டார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று உள்ளூர் டீப்டேல் மைதானத்தில், காயமடைந்த வீரர்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட முதல் பெரிய ஆட்டம் ஆடினார்கள். பத்தாயிரம் பேர் பார்த்தார்கள். 1920 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடியபோது உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் இன்னும் பல ஆயிரம்.

ஆயுத ஆலை உள்ள ஊரில் வாழ்பவள் என்பதால் இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். பகல் முழுக்க வெடிமருந்து வேலை, மாலையில் பயிற்சி, விடுமுறையில் ஆட்டம். தலைவி ஆலிஸ் கெல், பதின்வயதிலேயே அணிக்கு வந்து பிறகு மருத்துவமனைச் செவிலியான லில்லி பார் ஆகியோர் யாரிடமும் அனுமதி கேட்டு இந்த ஆட்டத்துக்கு வரவில்லை. சம்பளமும் சீருடையும் ஆலை முற்றமும் அவர்களுக்குக் கிடைத்திருந்தன; பந்து அதோடு சேர்ந்து வந்தது. ஆண்கள் திரும்பி வந்ததும் ஆலைகள் பெண்களை வீட்டுக்கு அனுப்பின. பெண்களின் ஆட்டம் மட்டும் வீட்டுக்குப் போக மறுத்தது. 1921இல் சுரங்கத் தொழிலாளர்கள் கதவடைப்பில் பட்டினி கிடந்தபோது பெண்கள் அணிகள் அவர்களுக்காக ஆடி நிதி திரட்டின. மருத்துவமனைக்கு என்றபோது யாருக்கும் உறுத்தாத பணம், இப்போது உறுத்தத் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல, அதை ஊக்குவிக்கக் கூடாது என்றது. வசூலான பணம் சரியாகச் செலவாகவில்லை என்ற குற்றச்சாட்டையும் சேர்த்துக்கொண்டது. இந்தத் தீர்மானத்தை 'பெண்கள் கால்பந்துக்குத் தடை' என்று சுருக்கிச் சொல்கிறோம். அதன் வேலை செய்யும் பகுதி எதுவென்று மாணவிகள் கவனிக்க வேண்டும். ஆடினால் சிறை என்று சொல்லவில்லை. சங்கத்தில் சேர்ந்த எந்த கிளப்பும் தன் மைதானத்தைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்றது. அவ்வளவுதான். பந்தைப் பிடுங்கவில்லை, தரையை எடுத்துக்கொண்டார்கள். நல்ல மைதானம் இல்லையென்றால் நுழைவுச்சீட்டு இல்லை, கூட்டம் இல்லை, செய்தி இல்லை. ஐம்பதாண்டுகள் அப்படியே கழிந்தன. பெண்கள் பூங்காக்களிலும் வயல்வெளிகளிலும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் 53,000 பேர் என்ற எண்ணிக்கை ஒரு தலைமுறையில் புராணமாகிவிட்டது.

ஸ்காட்லாந்து இன்னும் பிடிவாதம். பெண்கள் கால்பந்தைத் தேசியச் சங்கங்கள் ஏற்க வேண்டும் என்ற தீர்மானம் 1971இல் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்தில் வந்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அது. 1974இல்தான் இறங்கி வந்தது. கில்மார்னக் ஊரின் ரோஸ் ரெய்லி சிறுமியாக இருந்தபோது முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு பையன்களோடு ஆடினார். பையன் என்றே நினைத்து ஒரு பெரிய கிளப்பின் ஆள்தேர்வாளர் அவரைக் கேட்டு வந்ததை அவரே சொல்லியிருக்கிறார். பிழைப்பாகப் பந்தாட அவர் பிரான்சுக்கும் பிறகு இத்தாலிக்கும் போக வேண்டியிருந்தது. கடைசியில் இத்தாலியின் சட்டையையே அணிந்து ஆடினார். ஸ்காட்லாந்துக்காரி ஆடுவதற்காக ஸ்காட்லாந்தை விட்டுப் போனார். பின்னொரு காலத்தில், சிறுவயதில் பையன்களோடு ஆடிப் பழகிய மணிப்பூர்க்காரி ஆடுவதற்காக அதே ஸ்காட்லாந்துக்கு வந்தார்.

இந்தியாவில் அப்படி ஒரு தீர்மானம் இல்லை. தீர்மானம் போடும் அளவுக்குப் பெண்களை யாரும் பொருட்படுத்தவில்லை என்றும் சொல்லலாம். 1975இல் இந்திய மகளிர் கால்பந்துச் சம்மேளனம் தனியாகத் தொடங்கப்பட்டது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பெண்கள் ஆட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது 1990களின் தொடக்கத்தில்தான். ஆனால் இடைப்பட்ட அந்த ஆண்டுகளைப் பாருங்கள். 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் ஆசிய மகளிர் போட்டி நடந்தது, இந்தியா இரண்டாமிடம். 1981இல் மூன்றாமிடம். 1983இல் மீண்டும் இரண்டாமிடம். அதே ஆண்டு சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார், கால்பந்தில் அதைப் பெற்ற முதல் பெண். ஆசியாவின் இறுதியாட்டம் வரை போன அந்தப் பெண்களின் பெயர்ப் பட்டியலைப் பள்ளிப் பாடத்தில் தேடிப் பாருங்கள். பக்கத்து மாநிலத்தில், ரயிலில் ஓர் இரவுத் தொலைவில் நடந்த போட்டி. என் அம்மா தலைமுறைப் பெண்கள் யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டுப் பெண்கள் 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், பல முறை பட்டம் வென்ற மணிப்பூரை 2–1 என்று வீழ்த்தி முதல்முறையாகத் தேசியப் பட்டம் வென்றார்கள். 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2–1இல் வென்று மீண்டும் எடுத்தார்கள். இந்த அணிகளின் முதுகெலும்பு சென்னையின் வசதியான பள்ளிகளிலிருந்து வரவில்லை. கடலூர் போன்ற ஊர்களின் மைதானங்களிலிருந்து வந்தது. அங்கிருந்து வந்தவர்தான் இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர் இந்துமதி கதிரேசன். அவருக்குச் சோறு போட்டது தமிழ்நாடு காவல்துறை உதவி ஆய்வாளர் வேலை. 2020 பொதுமுடக்கத்தில் சென்னைத் தெருக்களில் காக்கியில் நின்றார். பாலா தேவியும் மணிப்பூர் காவல்துறைக்காரர்தான். ஆலை முற்றத்தில் தொடங்கிய அந்த பிரஸ்டன் பெண்களைப் போலவே இங்கும் ஆட்டம் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. காவலர் வேலை கிடைக்காத ஆட்டக்காரி இருபத்திரண்டு வயதில் என்ன ஆகிறாள் என்பதை எந்தப் புள்ளிப் பட்டியலும் காட்டுவதில்லை.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை மும்பைக்கும் புனேக்கும் வந்தது. சொந்த மண், பெரிய மைதானங்கள். இந்துமதி இருந்த இந்திய அணி ஈரானுடன் கோலின்றிச் சமன் செய்தது. அடுத்த ஆட்டத்துக்கு முன் கொரோனா அணிக்குள் புகுந்தது. விதிப்படி வேண்டிய 13 பேரைத் திரட்ட முடியாமல் இந்தியா தொடரிலிருந்தே வெளியேறியது. நாற்பத்திரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்த ஜனவரி நான்கு நாளில் முடிந்தது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2–1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோதுதான் அந்தக் கசப்பு கொஞ்சம் கரைந்தது.

பாலா தேவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முழங்கால் காயம் அவரை நிறுத்தியது. சிகிச்சை, நீண்ட ஓய்வு, பிறகு ஊர் திரும்பி மறுபடி இந்திய அணிக்கு ஆடினார். ரேஞ்சர்ஸில் அவர் இருந்த நாட்களில் மகளிர் அணியின் சொந்த ஆட்டங்கள் கிளப்பின் புகழ்பெற்ற இப்ராக்ஸ் மைதானத்தில் நடக்கவில்லை. நகருக்கு வெளியே, மில்கை என்ற ஊரருகே உள்ள பயிற்சி வளாகத்தில் நடந்தன. நல்ல புல், நல்ல பயிற்சி, சம்பளம் எல்லாம் இருந்தது. ஐம்பதாயிரம் பேர் உட்காரும் அந்தக் கிண்ணம் மட்டும் ஆண்களுக்கு.

இதை வகுப்பில் சொன்னேன். கல்லூரி திறந்துவிட்டிருந்த நேரம். காணொளி அனுப்பிய மாணவி கடைசி வரிசையிலிருந்து சிரித்தாள். அவள் முன்பு படித்த இடத்தில் பெண்கள் அணிக்கு மைதானம் மதியம் இரண்டரையிலிருந்து நான்கு வரை. நான்கானால் பையன்கள் கிரிக்கெட் கூடையோடு வந்து நிற்பார்கள். "சித்திரை வெயில்ல ரெண்டரை மணி மேம். தரை கால்ல ஒட்டும்" என்றாள். எழுத்தில் விதி எதுவும் இல்லையாம், எப்போதும் அப்படித்தானாம்.

இப்போது அவள் எங்கே பயிற்சி செய்கிறாள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பிடித்து வியாசர்பாடிக்குப் போகிறாள். மற்ற நாட்களில் வீட்டருகே உள்ள காலி மனையில், விடியற்காலை ஐந்து மணிக்கு. ஆறு மணிக்குப் பையன்கள் வந்துவிடுவார்கள். மார்கழியில் ஐந்து மணிக்குப் பந்து கண்ணுக்குத் தெரியாது என்பதால் தெருவிளக்கு விழும் மூலையில் மட்டும் ஆடுகிறாளாம். அந்த மூலை எவ்வளவு அகலம் என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினாள். பிறகு எழுந்து நின்று, பெஞ்சுகளுக்கு நடுவே எட்டு அடி நடந்து காட்டினாள்.