கொடி பிடிச்ச டாங்கியும் குச்சி வச்ச டாங்கியும்

முதல்ல ஒரு சின்ன கணக்கு. இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் டாங்கிகள்ல இருந்த சாதாரண ஆன்டெனா 2 மீட்டர் நீளம். நான் செய்யற மாடல்கள் 1:35 அளவு. 2000-ஐ 35-ஆல வகுத்தா 57 மில்லிமீட்டர். நீளத்துல பிரச்சினையே இல்லை, பருமன்தான் ஆளைக் கொல்லும். நிஜக் கம்பி அடியில சுண்டுவிரல் பருமன், 10 மி.மீ.ன்னு வச்சுக்கிட்டாகூட மாடல்ல அது 0.3 மி.மீ.க்குள்ள வரணும். நுனியில தலைமுடி அளவு. ஆனா பெட்டியில வர்ற பிளாஸ்டிக் ஆன்டெனா பல சமயம் 1 மி.மீ. இருக்கும். அதைத் திருப்பி 35-ஆல பெருக்குங்க. டாங்கி தலையில மூணரை சென்டிமீட்டர் தடிமனுக்குத் தண்ணிக் குழாய் நிக்குது :-)

அதனால மாடல் செய்யறவங்க அதைத் தூக்கிப் போட்டுட்டு சொந்தமா ஒண்ணு செஞ்சுக்குவாங்க. எப்படின்னு பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. இந்த வண்டிக்கு ஆன்டெனா இருந்ததா? அலமாரியில எல்லா டாங்கிக்கும் ஆளுக்கு ஒரு குச்சி நட்டு வச்சிருக்கிற படங்களைப் பாக்கும்போது எனக்கு இதுதான் தோணும். ஏன்னா அந்தக் குச்சி அலங்காரம் இல்லை. யார் பேசலாம், யார் கேக்க மட்டும் செய்யலாம், யாருக்கு ரெண்டுமே கிடையாதுங்கறதை அதுதான் காட்டிக் கொடுக்குது.

டாங்கி பிறந்தப்போ அதுக்கு வாய் கிடையாது. முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் டாங்கிகள் செய்தி அனுப்பினது புறா மூலமா. நிஜமாத்தான். புகையும் பெட்ரோல் நாத்தமும் நிறைஞ்ச இரும்புப் பெட்டிக்குள்ள கூண்டுல புறா, ஒரு ஓட்டை வழியா வெளியே விடுவாங்க. 1917 நவம்பர்ல காம்ப்ரே சண்டையில வயர்லெஸ் டாங்கியும் இருந்தது. ஆனா வண்டியை நிறுத்தி, கம்பம் நட்டு, அப்புறம்தான் தந்தி அடிக்கணும். ஓடிக்கிட்டே பேசற வித்தைக்கு இன்னும் பதினாலு வருஷம் போச்சு. 1931-ல பிரிகேடியர் சார்லஸ் பிராட் இங்கிலாந்தோட சாலிஸ்பரி சமவெளியில ஒரு டாங்கிப் படைப்பிரிவு முழுசையும் ரேடியோவுல பேசியே நடத்திக் காட்டினார்.

இதை ஆழமா உள்வாங்கினது ஜெர்மனியில ஹைன்ஸ் குடேரியன். 1914-ல போர் தொடங்கினப்போ அவர் பார்த்த வேலையே வயர்லெஸ் நிலைய அதிகாரி வேலைதான். அதனால 1930-கள்ல பான்சர் படையை உருவாக்கும்போது எல்லா வண்டியிலயும் ரேடியோ வேணும்னு பிடிவாதமா நின்னார். எல்லாருக்கும் பேசற பெட்டி கிடைக்கலை. தலைவர் வண்டிக்குப் பேசவும் கேக்கவும், மத்த வண்டிக்குக் கேக்க மட்டும். ஆனா கேக்கறதுக்காவது எல்லாருக்கும் ஒரு குச்சி இருந்தது.

(இந்த இடத்துல உள்ளே தூங்கற எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் கொஞ்சம் எட்டிப் பாக்கறான், மன்னிக்கணும். அந்த ரேடியோ வேலை செஞ்சது 27-லிருந்து 33 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் 9-லிருந்து 11 மீட்டர். அதுல கால்வாசி இரண்டே காலிலிருந்து இரண்டே முக்கால் மீட்டர். காலேஜ்ல ஆன்டெனா பேப்பர்ல நெட்டுரு போட்ட அந்தக் கால் அலைநீளம்தான் டாங்கி தலையில 2 மீட்டர் குச்சியா நிக்குது. ஓடற வண்டியில கொஞ்சம் குட்டையா இருந்தா வசதின்னு விட்டிருக்காங்க.)

1940 மே மாசம் பிரான்ஸ். பிரெஞ்சு ரெனோ ஆர்-35 டாங்கிக்குத் தகடு சுமார் 40 மி.மீ., ஜெர்மன் பான்சர்-1க்கு 13 மி.மீ. மோதினா யார் ஜெயிக்கணும்? ஆனா ஆர்-35ல பெரும்பாலான வண்டிக்கு ரேடியோவே கிடையாது. ரெண்டே பேர் உள்ளே. ஒருத்தர் ஓட்டுவார். இன்னொருத்தர் குண்டு போடணும், குறி பார்க்கணும், சுடணும், நடுவுல கொடியையும் ஆட்டணும். பக்கத்து வண்டிக்காரர் அந்தக் கொடியைப் பாக்கணும்னா அவரும் தன்னோட சண்டையை விட்டுட்டுத் திரும்பிப் பாக்கணும். பிரான்ஸ் ஆறே வாரத்துல விழுந்ததுக்கு ரேடியோ மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், அது அரைவேக்காட்டு வாதம். ஆனா தகட்டோட தடிமனை மட்டும் ஒப்பிட்டு எழுதற பட்டியல்களைப் பாத்தா எரிச்சல் வரும்.

இனி எனக்கு ரொம்பப் பிடிச்ச வண்டி. பான்சர்-3 படைத்தலைவர் வண்டி. உள்ளே பெரிய ரேடியோ, மேப் பலகை, கூடுதல் ஆள். பீரங்கிக்கு இடம் இல்லை. என்ன பண்ணினாங்க? டரட்டை ஆணி அடிச்ச மாதிரி அசையாம பொருத்திட்டு, முன்னாடி ஒரு போலிக் குழலை வச்சாங்க. நிஜமா சுடறதுக்கு ஒரே ஒரு மெஷின் கன். அதாவது அந்த வண்டியில பீரங்கி பொய், ஆன்டெனாதான் நிஜம். மாடல்காரங்க வழக்கமா குழலுக்கு ஒரு வாரமும் ஆன்டெனாவுக்கு அஞ்சு நிமிஷமும் செலவழிப்பாங்க. இந்த வண்டிக்கு அதைத் தலைகீழா மாத்திக்கணும்.

ஆனா பொய்க் குழல் வச்சு மறைச்சதை எல்லாம் அந்த ஆன்டெனாவே கெடுத்துச்சு. தூரத்துல இருக்கிற தலைமையகத்தோட பேசற பெரிய ரேடியோவுக்கு வண்டி மேல கட்டில் சட்டம் மாதிரி ஒரு குழாய் வேலி. குடேரியன் 1940-ல இனிக்மா பெட்டிக்குப் பக்கத்துல நிக்கிற பிரபலமான புகைப்படம் இருக்கே, அது டாங்கி இல்லை, அரைச்சங்கிலி வண்டி, ஆனா அது மேலயும் இந்த மாதிரி சட்டம்தான். எதிரி பீரங்கிக்காரன் பைனாகுலர்ல பாத்தா போதும், கட்டில் சுமக்கற வண்டியில அதிகாரி இருக்கார்னு தெரிஞ்சுடும். முதல் குண்டு அங்கேதான். 1942, 43 வாக்குல அந்தச் சட்டத்தை எடுத்துட்டு, நுனியில மட்டும் காத்துல திரும்பிக்கிட்ட குடைக் கம்பி மாதிரி விரியற நட்சத்திர ஆன்டெனாவுக்கு மாறினாங்க. அந்த ரேடியோவோட அலைநீளம் 100 மீட்டருக்கு மேல. கால்வாசின்னாலும் 25 மீட்டர் கம்பம் வேணும். முடியாதே, அதனால உச்சியில கிளை விரிச்சு மின்தேக்கம் கூட்டி சமாளிச்சாங்க. தூரத்துலேர்ந்து பாத்தா அந்தக் கட்டில் அளவுக்குக் கண்ணை உறுத்தாது.

சோவியத் பக்கமும் இதே கதை. டி-26, பிடி தலைவர் வண்டிகள்ல டரட்டைச் சுத்திக் கைப்பிடிக் கம்பி மாதிரி ஒரு வளையம், அதுதான் ஆன்டெனா. யாரைச் சுடணும்னு எதிரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அது. அப்புறம் குச்சிக்கு மாறினாங்க, ஆனா குச்சியே எல்லாருக்கும் கிடைக்கலை. 1941 ஜூன்ல ஜெர்மனி பாய்ஞ்சப்போ டி-34 மாதிரி அருமையான டாங்கியில, தலைவர் வண்டிக்கு மட்டும்தான் ரேடியோ. மத்தவங்களுக்குக் கொடி, இல்லேன்னா 'நான் செய்யறதைச் செய்'. போதாக்குறைக்கு அந்த வருஷத்து டி-34 மூடி ஒத்தைப் பெரிய மூடி, முன்பக்கமா திறக்கும். திறந்தா எதிர்ல இருக்கிறது மறையும். கொடி காட்டணும்னா அந்தப் பலகைக்கு மேல இடுப்பு வரை எழும்பணும், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவுல. காட்டறவரே பீரங்கிக்குக் குறி பாக்கறவரும். எத்தனை பேர் அப்படிக் கொடியோட செத்திருப்பாங்க!

அப்புறம் நிலைமை மாறுச்சு. கனடாவுல செஞ்ச பிரிட்டிஷ் 19-ஆம் நம்பர் ரேடியோ பெட்டிகள் முகப்புல ரஷ்ய எழுத்தும் சேர்த்தே அச்சடிச்சு வந்துது. டி-34-85 வந்தப்போ ரேடியோ முன்பக்கத்துலேர்ந்து டரட்டுக்குள்ள, தலைவர் கைக்குப் பக்கத்துல போச்சு. அதனால ஆன்டெனா உடம்போட வலது பக்கம் இருந்தா பழைய டி-34, டரட் மேல இருந்தா 85. ஒரு குச்சி நிக்கிற இடத்தை வச்சே வருஷம் சொல்லிடலாம்.

இப்போ செய்முறை. உதிரி பாகங்கள் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம் இருக்கில்ல, அதுல ஒரு துண்டை மெழுகுவத்தி தீக்கு மேல (உள்ளே இல்லை, மேல) உருட்டிக்கிட்டே காட்டுங்க. பளபளன்னு தொய்ய ஆரம்பிச்சதும் தீயை விட்டு நகர்த்தி, ரெண்டு பக்கமும் இழுங்க. வேகமா இழுத்தா மெலிசு, நிதானமா இழுத்தா தடிப்பு. ஆறற வரைக்கும் விறைப்பாப் பிடிக்கணும். தடிச்ச முனைக்குப் பக்கத்துல இயற்கையாவே அடி பெருத்து நுனி சிறுத்து வரும், அந்தத் துண்டுதான் நமக்கு வேணும். கிடார் கம்பி, எஃகுக் கம்பி எல்லாம் நேரா நிக்கும், ஆனா அடிமுதல் நுனிவரை ஒரே பருமன். பாத்தா போலின்னு தெரிஞ்சுடும். நுனி லேசா வளையணும்னா எரியற ஊதுபத்தியைப் பக்கத்துல கொண்டு போங்க, தொட்டுடாதீங்க. ஒட்டறதுக்கு பிளாஸ்டிக் பசை வேண்டாம், இவ்வளவு மெலிசை அது கரைச்சுடும். சின்ன ஓட்டை போட்டு ஒரு சொட்டு ஃபெவிக்விக்.

நீளம் மட்டும் மனசுல இருக்கட்டும்: சாதாரண பான்சருக்கு 57 மி.மீ., விமானத்தோட பேசற தலைவர் வண்டியில கூடவே 1.4 மீட்டர் குச்சி ஒண்ணு, அதுக்கு 40 மி.மீ.

இப்போ மேஜையில 1941 டி-34 மூணு இருக்கு. ஒண்ணுக்கு மட்டும் ஆன்டெனா நட்டாச்சு. மத்த ரெண்டுக்கும் கொடி. துணி இந்த அளவுல முரட்டுத்தனமாத் தெரியும், அதனால சாக்லேட் உறையோட ஈயத்தாளை அரை சென்டிமீட்டருக்கு வெட்டி மடிப்பு பழக்கிக்கிட்டு இருக்கேன். மூணாவது தாளுக்குத்தான் காத்துல ஆடற மடிப்பு ஓரளவு வந்திருக்கு. இனி அதைப் பிடிக்கிற கையைச் செய்யணும்.