பன்னாட்டுத் திரவ ஆடித் தொலைநோக்கி

பன்னாட்டுத் திரவ ஆடித் தொலைநோக்கி உத்தராகண்ட் மாநிலம் நைனிதாலை அடுத்த தேவஸ்தல் மலையில், சுமார் 2,450 மீட்டர் உயரத்தில் உள்ளது. வானியலுக்கென்றே உருவான முதல் திரவ ஆடித் தொலைநோக்கி இது. நைனிதாலின் ஆர்யபட்டா ஆய்வு நிறுவனம் (ஏரீஸ்) பெல்ஜியம், கனடா, போலந்து, உஸ்பெகிஸ்தான் நாடுகளின் நிறுவனங்களோடு சேர்ந்து இதை அமைத்தது.

அமைப்பு

4 மீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தில் சுமார் 50 லிட்டர் பாதரசம் மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. கிண்ணம் 8 நொடிக்கு ஒருமுறை சுழல, கலக்கிய குடத்து நீர் போலப் பாதரசம் நடுவில் குழிந்து பரவளைய ஆடியாகிறது. காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வேண்டிய திசைக்குத் திருப்பலாம். பாதரச ஆடியைச் சாய்க்க முடியாது. அது உச்சிவானை மட்டுமே நோக்கும்.

ஆகவே வானைக் கடந்து செல்லும் வேலையைப் பூமியின் சுழற்சியே செய்கிறது. ஒரு விண்மீன் பார்வைப் புலத்தைக் கடக்க ஏறக்குறைய 102 நொடி ஆகும். அதன் நகர்வுக்கு ஈடாக மின்னணு உணரியும் பதிவை நகர்த்துவதால் படம் கலங்குவதில்லை. இவ்வாறு பதிவாகும் வான்பட்டையின் அகலம் சுமார் 22 பாகைத்துளி. காஞ்சிபுரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதே பட்டை உச்சிக்கு வடக்கே ஏறத்தாழ 16.5 பாகை தள்ளிக் கடந்து செல்லும்.

முதல் நோக்குகள்

2022 ஏப்ரல் 29 அன்று இரவு தொலைநோக்கி முதல் ஒளியைப் பெற்றது. முதல் படத்தில் பல விண்மீன்களும், சுமார் 4.5 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்.ஜி.சி. 4274 விண்மீன் மண்டலமும் பதிவாயின. அவ்வாண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் நோக்குகள் தொடர்ந்தன. அவற்றில் பதிவான விண்மீன்களின் இடங்களை ஐரோப்பாவின் கையா விண்கலம் அளந்த இடங்களோடு ஒப்பிட்டுக் கருவியைச் சீர்செய்தனர். 2023 மார்ச் 21 அன்று தொலைநோக்கி முறைப்படி திறக்கப்பட்டது.

பயன்

ஒரே பட்டையை இரவுதோறும் படமெடுப்பதே இதன் தனி வலிமை. இரு இரவுகளின் படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், ஒளி மாறும் விண்மீன், புதிதாக வெடித்த மீயொளிர் விண்மீன், குறுங்கோள், விண்வெளிக் குப்பை ஆகியவை மட்டும் எஞ்சும். அவற்றில் கூர்ந்து ஆராய வேண்டியவற்றை, அதே வளாகத்தில் பெல்ஜியத்தின் பங்களிப்போடு 2016இல் தொடங்கப்பட்ட 3.6 மீட்டர் தொலைநோக்கியால் பின்தொடர்ந்து நிறமாலை எடுக்கலாம்.