ஆஸ்கர் விருதுகள்: வெகுமக்கள் படங்களும் விமர்சகர் மெச்சிய படங்களும்

அமெரிக்காவின் திரைப்படக் கலை, அறிவியல் அகாதெமி ஆண்டுதோறும் வழங்கும் ஆஸ்கர் விருதுகளில், குறிப்பாக அவற்றின் உச்சமாகக் கருதப்படும் சிறந்த திரைப்பட விருதில், வசூலில் முன்னின்ற படங்களுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்னும் முறையீடு ஏறத்தாழ அரை நூற்றாண்டாக எழுந்துவருகிறது. மக்கள் திரண்டு பார்த்த படம் ஒருபுறம், விமர்சகர்கள் மெச்சிய படம் மறுபுறம் என்று வைத்து, அகாதெமி எப்போதும் பின்னதன் பக்கமே சாய்கிறது என்று சொல்வது இம்முறையீட்டின் வழக்கமான வடிவம். உண்மையில் ஆஸ்கருக்கு வாக்களிப்போரில் விமர்சகர்களுக்கு இடமில்லை. நடிகர்கள், இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள், படத்தொகுப்பாளர்கள், தயாரிப்பாளர்கள், நிறுவன நிர்வாகிகள் என்று அத்தொழிலில் ஈடுபட்டிருப்போரே வாக்களிக்கின்றனர். பார்வையாளர், விமர்சகர், தொழில்துறையினர் என மூன்று தரப்பு இருப்பதையும், மூன்றாம் தரப்பின் தேர்வு மற்ற இரண்டோடும் ஒத்துப்போகாத ஆண்டுகள் பல உண்டு என்பதையும் கருத்தில் கொள்ளாவிட்டால், விருதுப் பட்டியலின் பெரும்பகுதி புதிராகவே தோன்றும்.

இந்தப் பிளவு விருதின் பிறப்பிலேயே இருந்தது. அகாதெமி 1927-இல் நிறுவப்பட்டது. முதல் விருது விழா 1929 மே 16 அன்று ஹாலிவுட்டின் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடைபெற்றது. அவ்விழாவில் உயர்ந்த படத்திற்கான விருதுகள் இரண்டு இருந்தன. சிறந்த தயாரிப்புக்கான விருதை முதல் உலகப் போர் விமானிகளைப் பற்றிய 'விங்ஸ்' பெற்றது. தனித்தன்மையும் கலைநயமும் வாய்ந்த தயாரிப்புக்கென அமைந்த மற்றொரு விருதை ஜெர்மானிய இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவின் 'சன்ரைஸ்' பெற்றது. மறு ஆண்டே கலைநயத்துக்கான விருது கைவிடப்பட்டதோடு, முதல் ஆண்டின் இரண்டு விருதுகளில் 'விங்ஸ்' பெற்றதே சிறந்த திரைப்பட விருதுக்கு இணையானது என்றும் அகாதெமி பின்னர் முடிவு செய்தது. பிரிட்டிஷ் இதழான 'சைட் அண்ட் சவுண்ட்' 2012-இல் உலக விமர்சகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் 'சன்ரைஸ்' ஐந்தாம் இடத்தைப் பெற்றது என்பதை நோக்கினால், அகாதெமி எந்தக் கிளையை வெட்டியது என்பது விளங்கும்.

அதன் பிறகு நாற்பது ஆண்டுக்காலம் வசூலும் விருதும் பெரும்பாலும் பகையின்றியே இருந்தன. ஆண்டின் மிகப் பெரிய படத்தைத் தயாரித்த ஸ்டூடியோவே, அதாவது பெரிய பட நிறுவனமே, ஆண்டின் மிகக் கௌரவமான படத்தையும் தயாரித்தது. பல வேளைகளில் இரண்டும் ஒரே படமாக இருந்தன. 1939-இன் 'கான் வித் த விண்ட்', 11 விருதுகளைக் குவித்த 1959-இன் 'பென்-ஹர்', 1965-இன் 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' ஆகியவை இவ்வகையின. கடைசியாகச் சொன்ன படத்தைப் புகழ்பெற்ற விமர்சகர் பாலின் கேல் கடுமையாகச் சாடி எழுதியதும் அதன் வெற்றியைத் தடுக்கவில்லை. அக்காலத்தில் மனத்தாங்கல் கொண்டவர்கள் விமர்சகர்களே. 1935-இல் தோன்றிய நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டம் 1941-இன் சிறந்த படமாக ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' படத்தைத் தேர்ந்தெடுத்தது; ஒன்பது பிரிவுகளில் பரிந்துரை பெற்ற அப்படத்துக்கு ஆஸ்கரில் திரைக்கதைக்கான ஒரே விருதுதான் கிட்டியது. 1952-இல் அதே வட்டம் 'ஹை நூன்' படத்தைத் தேர்ந்தெடுக்க, அகாதெமியோ சர்க்கஸ் வாழ்வைப் படமாக்கி அவ்வாண்டு அமெரிக்க வசூலில் முதலிடம் பெற்ற செசில் பி. டிமில்லின் 'த கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்' படத்துக்கு விருதளித்தது. பின்னாளில் விமர்சகர்களின் வாக்கெடுப்பில் உலகின் தலைசிறந்த படமாகத் தேர்வான ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' 1958-இல் சிறந்த திரைப்படப் பரிந்துரைப் பட்டியலிலேயே இடம்பெறவில்லை.

முறையீட்டின் திசை மாறியதற்கு வாக்காளர்களின் ரசனை உயர்ந்ததோ தாழ்ந்ததோ முதற்காரணமாகத் தெரியவில்லை. படங்கள் தயாரிக்கப்பட்ட விதமும் விற்கப்பட்ட விதமும் மாறியதே முதற்காரணம். பெரிய நகரங்களில் சில அரங்குகளில் வெளியிட்டு, பேச்சு பரவப் பரவ மற்ற ஊர்களுக்குக் கொண்டுசெல்வது கௌரவமான படங்களுக்கு அதுவரை இருந்த நடைமுறை. 1975-ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்கின் 'ஜாஸ்' நானூறுக்கும் மேற்பட்ட அரங்குகளில், தொலைக்காட்சி விளம்பரங்களின் பெருமழையோடு, ஒரே நாளில் வெளியாயிற்று. அப்படம் சிறந்த திரைப்படத்துக்கான பரிந்துரையைப் பெற்றது. ஸ்பீல்பெர்குக்கு இயக்குநர் பரிந்துரை கிடைக்கவில்லை. 1977-இல் ஜார்ஜ் லூகஸின் 'ஸ்டார் வார்ஸ்' வூடி ஆலனின் 'ஆனி ஹால்' படத்திடமும், 1982-இல் 'இ.டி.' ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' படத்திடமும் தோற்றன. ஆடை வடிவமைப்புக்காக பானு அத்தையாவுக்கு இந்தியாவின் முதல் ஆஸ்கரைப் பெற்றுத் தந்த படம் 'காந்தி' என்பதால், இந்திய வாசகர்கள் இத்தோல்வியை வேறு கண்ணோடு பார்ப்பது இயல்பு.

இவ்விரு தோல்விகளையும் மக்கள் ரசனைக்கு எதிரான விமர்சகர்களின் வெற்றி என்று எழுதுவோர் ஒரு செய்தியை விட்டுவிடுகின்றனர். லாஸ் ஏஞ்சலஸ் திரைப்பட விமர்சகர் சங்கம் 1977-இன் சிறந்த படமாக 'ஸ்டார் வார்ஸ்' படத்தையும் 1982-இன் சிறந்த படமாக 'இ.டி.' படத்தையுமே தேர்ந்தெடுத்தது. நியூயார்க் வட்டம் அவ்விரு ஆண்டுகளிலும் 'ஆனி ஹால்', 'காந்தி' ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தது. விமர்சகர்களே ஊருக்கு ஊர் பிரிந்து நின்றனர் என்பதே இதன் பொருள். இதனினும் தெளிவான சான்று 1998. அவ்வாண்டு அமெரிக்க வசூலில் முதலிடம் பெற்ற 'சேவிங் பிரைவேட் ரயன்' படமே நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய இரு விமர்சகர் அமைப்புகளின் தேர்வும் ஆகும். மக்களும் விமர்சகர்களும் உடன்பட்ட அப்படத்தைத் தள்ளிவிட்டு, மிராமாக்ஸ் நிறுவனம் பெரும்பணம் செலவழித்துப் பரப்புரை செய்த 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்துக்கு அகாதெமி விருதளித்தது. நாடகக் கொட்டகையையும் நடிகர்களையும் கொண்டாடும் கதை நடிகர்கள் மிகுந்த ஒரு வாக்காளர் கூட்டத்தைக் கவர்ந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

மிராமாக்ஸின் பெயர் இங்கு வருவது தற்செயலன்று. 1990-களில் பெரிய ஸ்டூடியோக்கள் பெருஞ்செலவில் எடுக்கும் சாகசப் படங்களில் கவனத்தைக் குவித்து, நடுத்தரச் செலவில் வயதுவந்தோருக்கென எடுக்கப்படும் படங்களை அவற்றுக்கெனத் தனியே அமைத்த துணை நிறுவனங்களிடம் விட்டன. மிராமாக்ஸ் 1993-இல் டிஸ்னியின் கைக்குச் சென்றது. சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ் 1992-இலும், ஃபாக்ஸ் சர்ச்லைட் 1994-இலும், ஃபோக்கஸ் ஃபீச்சர்ஸ் 2002-இலும் தோன்றின. இத்துணை நிறுவனங்களுக்கு ஆஸ்கர் என்பது மதிப்பு மட்டுமன்று, விளம்பரமும் ஆகும். ஆண்டின் இறுதி வாரங்களில் சில அரங்குகளில் படத்தை வெளியிட்டு, பரிந்துரை அறிவிப்பு வந்ததும் அரங்குகளைப் பெருக்குவது அவற்றின் வாடிக்கை. ஆகவே விருது பெறும் படத்தைப் பரிந்துரை நாள்வரை பெரும்பாலோர் பார்த்திருக்க வாய்ப்பே இருக்கவில்லை. 1996-ஆம் ஆண்டுப் படங்களில் சிறந்த திரைப்படப் பரிந்துரை பெற்ற ஐந்தில் 'ஜெர்ரி மக்வயர்' மட்டுமே ஸ்டூடியோவின் நேரடித் தயாரிப்பு. மறு ஆண்டே 'டைட்டானிக்' 11 விருதுகளை வென்றதும், 2003-இன் 'த ரிட்டர்ன் ஆஃப் த கிங்' பரிந்துரைக்கப்பட்ட 11 பிரிவுகளையும் வென்றதும் இப்போக்குக்கு விலக்குகள். எனினும் விலக்குகள் இவ்வளவு பெரியவையாக இருப்பதால், அகாதெமி வசூலை வெறுக்கிறது என்ற குற்றச்சாட்டு நிற்பதில்லை.

இம்முறையீடு குறித்த அகாதெமியின் கவலைக்கு ரசனையைத் தாண்டிய ஒரு காரணமும் உண்டு. அதன் வருவாயில் பெரும்பகுதி விழாவின் தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமையிலிருந்து வருவது. 'டைட்டானிக்' வென்ற 1998 விழாவை அமெரிக்காவில் சுமார் 5.5 கோடிப் பேர் பார்த்தனர். 2018-இல் அத்தொகை 2.65 கோடியாகவும், பெருந்தொற்றுக்கால விழாவான 2021-இல் ஏறத்தாழ ஒரு கோடியாகவும் சரிந்தது. மக்கள் பார்த்த படம் போட்டியில் இருந்தால் விழாவையும் பார்ப்பார்கள் என்னும் கணக்கு இதிலிருந்து பிறந்தது. கணக்கில் ஓரளவு உண்மை உண்டு; ஆனால் அதே காலத்தில் தொலைக்காட்சி நேரலை நிகழ்ச்சிகள் பலவற்றுக்கும் பார்வையாளர் குறைந்தனர் என்பதால், சரிவு முழுவதையும் பரிந்துரைப் பட்டியலின் தலையில் சுமத்த இயலாது.

இக்கவலையை ஒட்டிய முதல் பெரிய மாற்றம் 2009-இல் வந்தது. முந்தைய ஆண்டில் வெளியான கிறிஸ்டஃபர் நோலனின் 'த டார்க் நைட்' எட்டுப் பரிந்துரைகளைப் பெற்றும் சிறந்த திரைப்படப் பட்டியலில் இடம்பெறவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர்கள் தேர்ந்தெடுத்த அசைவூட்டப் படமான 'வால்-இ'யும் அவ்வாறே விடுபட்டது. அவ்வாண்டுப் படங்களுக்கான விழாவில் எட்டு விருதுகளை வென்ற 'ஸ்லம்டாக் மில்லியனர்' மூலம் ஏ. ஆர். ரகுமான் இரு ஆஸ்கர்களைப் பெற்றார் என்பதால் தமிழ்நாட்டில் இம்மனக்குறை அதிகம் காதில் விழவில்லை. 2009 ஜூனில் அகாதெமி பரிந்துரைகளின் எண்ணிக்கையை ஐந்திலிருந்து பத்தாக உயர்த்தியது. 1940-களின் தொடக்கம்வரை இருந்த நடைமுறைக்கு அது திரும்பியது எனலாம். பின்னர் ஐந்து முதல் பத்துவரை என்று நெகிழ்த்தப்பட்ட இவ்வெண்ணிக்கை 2022 விழாவிலிருந்து மீண்டும் பத்தாக நிலைபெற்றது.

இம்மாற்றத்தோடு வந்த விருப்பவரிசை வாக்குமுறையைப் பலர் கவனிப்பதில்லை. இம்முறையில் ஒவ்வோர் உறுப்பினரும் படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த வேண்டும். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இருப்பதைப் போன்றே, எப்படமும் பாதிக்கு மேல் பெறாதபோது கடைசியில் நிற்கும் படம் நீக்கப்பட்டு, அதன் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படும். சிலரால் உயிராக நேசிக்கப்பட்டுப் பலரால் வெறுக்கப்படும் படத்தைவிட, எவருக்கும் பெரிதாக மனக்கசப்பு இல்லாத படத்துக்கே இம்முறை சாதகமானது. இதனால் வசூல் சாதனைப் படமும், துணிச்சலான சோதனைப் படமும் ஒருசேர இழப்புக்கு உள்ளாகலாம். 2019 விழாவில் 'கிரீன் புக்' வென்றதை இவ்வாறே பலரும் விளக்குகின்றனர். நியூயார்க் விமர்சகர்கள் தேர்ந்த 'ரோமா', மக்கள் தேர்ந்த 'பிளாக் பாந்தர்' ஆகிய இரண்டும் அதனிடம் தோற்றன. வாக்கு எண்ணிக்கையை அகாதெமி வெளியிடுவதில்லை என்பதால் இவ்விளக்கம் ஊகமாகவே நிற்கும்.

பத்துப் பரிந்துரைகள் வந்த முதல் ஆண்டிலேயே முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்தது. 2010 விழாவில், அமெரிக்காவில் 70 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய 'அவதார்' படத்தை, அங்கு 2 கோடி டாலரைக்கூட எட்டாத கேத்ரின் பிகலோவின் 'த ஹர்ட் லாக்கர்' வென்றது. பட்டியலில் இடம் கொடுக்கலாம், பரிசை வாக்காளர்களிடமிருந்து பிடுங்கிக் கொடுக்க முடியாது என்ற நிலையில், 2018 ஆகஸ்ட் 8 அன்று வெகுமக்கள் படத்துக்கெனத் தனி விருது ஒன்றை அகாதெமி அறிவித்தது. எத்தனை வசூலித்தால் ஒரு படம் வெகுமக்கள் படம் ஆகும் என்பதை அறிவிப்பு சொல்லவில்லை. அப்போதே 'பிளாக் பாந்தர்' உலகளவில் 130 கோடி டாலரைக் கடந்திருந்ததால், கறுப்பினக் கலைஞர்களின் படம் ஒன்று முதன்மை விருதுக்கு வலுவாக நிற்கும் ஆண்டில் அதற்கு ஓர் ஆறுதல் பரிசு தயாராகிறதோ என்ற ஐயமும் எழுந்தது. ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 6 அன்று, திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் 'பிளாக் பாந்தர்' சிறந்த திரைப்படப் பரிந்துரையைப் பெற்ற முதல் சூப்பர்ஹீரோ படமாகி, மூன்று விருதுகளை வென்றது.

2022-இல் ட்விட்டர் வழியாக ரசிகர்களின் விருப்பப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் முயற்சி இன்னும் வினோதமான முடிவைத் தந்தது. 'ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்' வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில், இயக்குநர் சாக் ஸ்னைடரின் ரசிகர்கள் ஒருங்கிணைந்து வாக்களித்து, நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட அவரது 'ஆர்மி ஆஃப் த டெட்' படத்தை வெற்றி பெறச் செய்தனர். மக்கள் விருப்பம் என்பது அளந்தறிய எளிதான பொருள் என்று நம்பியிருந்தோருக்கு இதுவே போதிய பாடம். கோல்டன் குளோப் விருதுகள் இச்சிக்கலைத் தவிர்க்க எண்களை நாடின: 2024-இல் அறிமுகமான திரைச்சாதனை, வசூல் சாதனை விருதுக்கு 15 கோடி டாலர் வசூலும், அதில் 10 கோடி அமெரிக்காவில் ஈட்டப்பட்டிருப்பதும் தகுதியாக வைக்கப்பட்டன; இணையவழி வெளியீடுகளுக்கு நிகரான அளவுகோல் ஒன்று சேர்க்கப்பட்டது. முதல் விருதை 'பார்பி' பெற்றது. அதே ஆண்டு ஆஸ்கரில் எட்டுப் பரிந்துரைகள் பெற்ற அப்படத்துக்குப் பாடல் விருது மட்டும் கிடைக்க, உலகளவில் 95 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய 'ஓப்பன்ஹைமர்' சிறந்த திரைப்படம் உட்பட ஏழு விருதுகளை வென்றது.

அகாதெமி ஒரு மாதத்தில் கைவிட்ட வகையை இந்தியா 1970-களின் நடுப்பகுதியிலிருந்து கையாண்டுவருகிறது. இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படத்துக்கான விருதுக்கு அப்பால், நிறைவான பொழுதுபோக்கை வழங்கும் வெகுசனப் படத்துக்கென ஒரு விருது உள்ளது. 2004-ஆம் ஆண்டுப் படங்களில் சேரனின் 'ஆட்டோகிராஃப்' அதைப் பெற்றது. இரு விருதுகளுக்கும் இடையேயான எல்லை இந்தியாவிலும் உறுதியாக இல்லை: 'பாகுபலி'யின் முதல் பாகம் 2015-இன் சிறந்த படமாகவும், இரண்டாம் பாகம் 2017-இன் வெகுசனப் படமாகவும் தேர்வாயின. அதே இயக்குநர் எஸ். எஸ். ராஜமௌலியின் 'ஆர்.ஆர்.ஆர்.' 2021-ஆம் ஆண்டுக்கான வெகுசனப் பட விருதைப் பெற்றது. ஆஸ்கரின் சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்கு இந்தியா அப்படத்தை அனுப்பாமல், திரையரங்கின் ஒளியில் மயங்கும் சிறுவனைப் பற்றிய குஜராத்திப் படமான 'செல்லோ ஷோ'வை அனுப்பியது. அப்படம் 15 படங்கள் கொண்ட முதற்பட்டியல் வரை சென்று நின்றது, 'ஆர்.ஆர்.ஆர்.' படத்தின் 'நாட்டு நாட்டு' பாடலோ 2023 மார்ச் 12 அன்று சிறந்த பாடலுக்கான ஆஸ்கரை வென்றது.