காற்று தள்ளியும் போகாத மிச்சம்

மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் தேனை நிரப்பி, ஒரு முனையில் காற்றை ஊதினால் என்ன ஆகும்? தேன் முழுக்க மறுமுனை வழியாக வெளியே வந்துவிடும் என்றுதான் தோன்றும். வராது. காற்று நடுவில் விரல் போல ஒரு வழி பண்ணிக்கொண்டு போய்விடும். சுவரை ஒட்டிய தேன் நின்றுவிடும். பி.காம். படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, எவ்வளவு நெருக்கினாலும் வசூலாகாத பாக்கி புதிதல்ல. ஆனால் இந்த மிச்சத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1935-இல் ஃபேர்பிரதர், ஸ்டப்ஸ் என்ற இருவருக்கு இது ஒரு தொல்லையாகத்தான் வந்தது. மெல்லிய குழாயில் திரவம் ஓடும் வேகத்தை அளக்க, உள்ளே ஒரு காற்றுக் குமிழியை விட்டு அதன் வேகத்தைப் பார்ப்பார்கள். குமிழியோ திரவத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடியது! சுவரில் ஒரு படலம் நின்றுவிடுவதால் வந்த வித்தியாசம் அது.

1961-இல் கேம்பிரிட்ஜின் ஜி.ஐ. டெய்லர், எழுபத்தைந்து வயதை ஒட்டிய காலத்தில், இதைக் கையில் எடுத்தார். மெதுவாக ஊதினால் படலம் மெலிதாக இருக்கும். வேகமும் பிசுபிசுப்பும் கூடக்கூட மிச்சமும் கூடும். அவர் சோதனையில் அது குழாயின் கொள்ளளவில் சுமார் 56 சதவீதம் வரை போனது. அதாவது பாதிக்கு மேல் உள்ளேயே! மெதுவாக ஓடும் குமிழிக்கான கணக்கை பிரெதர்டன் போட்டார். இருவர் கட்டுரையும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன.

அப்போது இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருக்கலாம். பதில் பிளாஸ்டிக் தொழிலிலிருந்து வந்தது. 1978-இல் ஃப்ரீடரிக் என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வாங்கினார். அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி, பின்னாலேயே வாயுவை விட வேண்டும். நடுவிலுள்ள குழம்பு முன்னால் போய் அச்சை நிரப்பும். சுவரில் ஒட்டி நின்றதுதான் பொருள்! மிச்சமே சரக்காகிவிட்டது. கார் கதவுக் கைப்பிடி, சிலவகை நாற்காலிக் கைகள் எல்லாம் இப்படி உள்ளே கூடாக வருகின்றன. பெரும்பாலும் நைட்ரஜன்தான். பிளாஸ்டிக்கை அது கருக்காது.

பிளாஸ்டிக் தொழில் நம்மூருக்கும் புதிதல்ல. அதைச் சொல்லித்தர ஐ.நா. உதவியோடு சென்னையில் சிப்பெட் தொடங்கியது 1968-இல். இங்கே புரோத்ராபூரில் மழை பிடித்துக்கொண்டால் மரச்சாமானில் பூசணம் ஏறும். கப்பலில் வரும் பிளாஸ்டிக் நாற்காலியின் அருமை அப்போது தெரியும்.

ஆனால் ஒரு சிக்கல். உருகிய பிளாஸ்டிக் தேன் மாதிரி இல்லை, வெண்டைக்காய் கொழகொழப்பு மாதிரி. இழுத்தால் நீளும், விட்டால் கொஞ்சம் சுருங்கும். பிசுபிசுப்போடு ரப்பர் குணமும் சேர்ந்தது. டெய்லரின் கணக்கு இதற்குப் போதாது. ரப்பர் குணத்தை மட்டும் தனியாகப் பார்க்க ஏற்ற திரவத்தை ஆஸ்திரேலியாவில் டேவிட் போகர் 1977-இல் அறிமுகப்படுத்தினார். அவ்வகைத் திரவத்தைக் குழாயில் நிரப்பி வாயுவால் தள்ளிப் பார்த்தவர்கள் ஹுஸ்யாக்கும் கோயலிங்கும். 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். மெதுவாகத் தள்ளும்வரை இரண்டும் ஒன்றுதான். வேகம் ஒரு எல்லையைத் தாண்டினால், ரப்பர் குணமுள்ள திரவம் சாதாரணத் திரவத்தைவிடத் தடிமனாகச் சுவரில் தங்கும். குமிழியின் முனையில் திரவம் இழுபட்டு, அந்த இழுப்பை எதிர்ப்பதால் வரும் விளைவு.

தடிமன் கூடினால் பிளாஸ்டிக் வீண். குறைந்தால், பாட்டி ஊன்றி எழும்போது நாற்காலிக் கை முறியும். அதனால் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை.

1935-க்கும் 1997-க்கும் நடுவே 62 வருஷம். தொழிற்சாலை முந்திக்கொண்டது, கணக்கு பின்னால் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் உபயோகமில்லாத எதையோ நோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோர், அந்த இருவரின் குமிழியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.