சிறுபடம் முழுப்படம் ஆன வரலாறு

24 மில்லிமீட்டர் உயரமும் 36 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு நீள்சதுரம், தீப்பெட்டியின் மேல்முகத்தைவிடச் சிறியது, இன்று புகைப்படக் கலைஞர்களிடையே ஃபுல் ஃபிரேம், அதாவது முழுச் சட்டம், என்ற கௌரவப் பெயருடன் வழங்கி வருகிறது. இதே அளவுக்கு, அது பிறந்து வளர்ந்த ஜெர்மனி தேசத்தில் வழங்கிய பெயர் 'க்ளைன்பில்ட்' என்பது; சிறுபடம் என்று அதற்குப் பொருள். ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் 1930-களில் இவ்வளவுப் படம் எடுக்கும் கருவிகளை மினியேச்சர் காமிரா என்றே அழைத்தார்கள். அந்த நாளிலிருந்து இந்த நாள் வரையில் அளவில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை, குறையவுமில்லை. அப்படியிருக்க, சிறுமையைக் குறித்த பெயர் முழுமையைக் குறிக்கும் பெயராக மாறியது எவ்வாறு என்று விசாரிக்கப் புகுந்தால், கையடக்கமான காமிரா ஒன்றைப் படைக்க வேண்டும் என்று நூறாண்டுக் காலமாக மனிதர்கள் செய்துவந்த முயற்சியின் சரித்திரமே நம் முன் விரிகிறது. அந்தச் சரித்திரத்தில் என் மனத்தைக் கவர்ந்த அம்சம், ஒவ்வொரு சிற்பியும் தம் கருவியில் எதைச் சேர்த்தார் என்பதைக் காட்டிலும், எதை விட்டுவிடத் துணிந்தார் என்பதும், அவர் விட்டுவிட்ட காரியம் பிறகு யார் தலையில் ஏறியது என்பதும்தான்.

1879-ஆம் ஆண்டில் பிராண்டன்பர்க் பிரதேசத்தில் பிறந்த ஆஸ்கர் பர்னாக் என்பவர், நுண்கருவிகளைச் செய்யும் தொழிலில் தேர்ந்து, யேனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து வந்தார். துரிங்கியக் காட்டில் நடந்து திரிவதிலும் படம் பிடிப்பதிலும் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. ஆனால் அக்காலத்துக் காமிராவோ 13-க்கு 18 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகளையும், அவற்றை வைக்கும் மரச் சட்டங்களையும், முக்காலியையும் கூடவே இழுத்துக்கொண்டு வருவது. பர்னாக்கோ ஆஸ்துமா நோயாளி. மேட்டுப்பாதையில் மூச்சு வாங்க அந்தச் சுமையைத் தூக்கிச் சென்ற மனிதர், இதே படத்தைச் சிறிதாக எடுத்துக்கொண்டு வீட்டிற்கு வந்து பெரிதாக்கிக்கொண்டால் என்ன என்று எண்ணியதில் ஆச்சரியமில்லை. முதலில் ஒரே தகட்டில் பல சிறு படங்களைப் பதிக்க முயன்று பார்த்தார். தகட்டின் மணித்துகள் பருமனாயிருந்தபடியால் பெரிதாக்கியபோது படம் பொரிபொரியாகிப் போயிற்று. அந்த யோசனை சில ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.

1911-இல் அவர் வெட்ஸ்லர் நகரத்திற்குப் போய், நுண்பெருக்காடிகளுக்குப் பேர்பெற்ற லைட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே சினிமாக் காமிரா ஒன்றை உருவாக்கும் பணியில் ஈடுபட்டபோது, 35 மில்லிமீட்டர் அகலமுள்ள சினிமாப் படச்சுருள் அவர் கைக்கு வந்தது. சினிமாவில் ஒரு படத்தின் அளவு 18-க்கு 24 மில்லிமீட்டர். பர்னாக் அதையே இரண்டு மடங்காக்கினார். சுருளைக் குறுக்காக ஓடவிட்டு, 24-க்கு 36 என்ற சட்டத்தை அமைத்தார். முழுச் சட்டம் என்று இன்று நாம் போற்றும் அளவு, கையில் கிடைத்த சுருளின் அகலத்தாலும் ஒரு தொழிலாளியின் எளிய கணக்காலும் அமைந்ததே என்பதை நினைக்கும்போது எனக்கு அதன்மேல் மதிப்புக் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. சினிமாச் சுருளில் நிழற்படம் எடுக்கும் முயற்சியை அதே காலத்தில் வேறு சிலரும் செய்தார்கள். ஆனால் நிலைத்தது இவருடைய கருவியே.

1914-ஆம் ஆண்டளவில் முதல் மாதிரி தயாராயிற்று. உடனே மகாயுத்தம் மூண்டது. கருவி சந்தைக்குப் போகவில்லை. பர்னாக்கின் பைக்குள் போயிற்று. 1920-இல் வெட்ஸ்லரில் வெள்ளம் புகுந்தபோது, அவர் அந்தச் சிறு கருவியுடன் தெருத் தெருவாகச் சென்று எடுத்த படங்கள், பின்னாளில் பத்திரிகைப் புகைப்படம் போகவிருந்த வழிக்கு முன்னறிவிப்பாக இன்றும் பேசப்படுகின்றன. 1924-இல், நாணய வீக்கத்தின் அழிவிலிருந்து ஜெர்மனி அப்போதுதான் தலைதூக்கிய நிலையில், தம்மிடம் வேலை பார்ப்பவர்களுக்குத் தொழில் இருக்கவேண்டும் என்ற கவலையும் சேர, இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் இக்காமிராவைச் செய்து விற்பது என்று தீர்மானித்தார். 1925-ஆம் ஆண்டு லைப்ஸிக் வசந்தச் சந்தையில் லைக்கா என்ற பெயருடன் அது வெளிப்பட்டது.

அந்த முதல் லைக்காவில் எதெல்லாம் இல்லை என்று பார்க்க வேண்டும். தூரத்தை அளந்து சொல்லும் ரேஞ்ச்ஃபைண்டர் உள்ளே இல்லை. அதைத் தனியாக வாங்கி மேலே செருகிக்கொள்ள வேண்டும், அல்லது கண்ணால் மதிப்பிட வேண்டும். லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. அந்த வசதி 1930-இல்தான் வந்தது. உடலோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932-இல் வந்தது. எல்லாவற்றிலும் பெரிய இழப்பு வேறொன்று. தகட்டுக் காமிராவில் எடுத்த நெகடிவைக் காகிதத்தின்மீது அப்படியே வைத்து அச்சிட்டுவிடலாம். சிறுபடத்திற்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கியே தீரவேண்டும். பெரிதாக்கும்போது தூசியும் கீறலும் கைநடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். ஆகவே சுமையானது தோளிலிருந்து இறங்கி இருட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது என்றே சொல்லலாம். அங்கே கைச்சுத்தமும் பொறுமையும் உள்ளவனுக்குத்தான் லைக்கா பலன் கொடுத்தது. மாக்ஸ் பெரெக் என்னும் நிபுணர் கணித்துக் கொடுத்த எல்மார் லென்ஸ் அத்தனை கூர்மையாக இல்லாதிருந்தால், இந்தப் பேரமே கட்டுபடியாகியிருக்காது. அந்த லென்ஸுக்கு மற்றொரு குணமும் உண்டு: வேலை முடிந்ததும் அதைத் திருகி உடலுக்குள் அமுக்கிவிடலாம்.

1934-இல், ஸ்டுட்கார்ட்டில் ஆகஸ்ட் நாகல் நடத்திய தொழிற்சாலையிலிருந்து கோடாக் நிறுவனம் ரெடினா என்ற மடக்குக் காமிராவை வெளியிட்டது. அதனுடன் பகல் வெளிச்சத்திலேயே மாட்டக்கூடிய உருளைப் பெட்டிச் சுருளும் பிறந்தது. அதன் பிறகு சிறுபடம் உலகெங்கும் பரவியதில் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பரவப் பரவ, அந்தக் காமிராக்கள் பருத்துப் போயின. ரேஞ்ச்ஃபைண்டர், ஒளிமானி, மாற்று லென்ஸ்கள், பிறகு கண்ணாடியும் பட்டகமும் கொண்ட எஸ்.எல்.ஆர். என்று ஒவ்வொரு வசதியும் ஓர் எடையைக் கொண்டுவந்தது.

ஹைன்ஸ் வாஸ்கே என்ற ஜெர்மானியப் பொறியாளர் இந்தப் போக்கை மாற்றினார். அவர் விர்கின் நிறுவனத்தில் இருந்தபோது ஓய்வு நேரங்களில் ஒரு சிறு காமிராவைத் திட்டமிட்டார். அக்காலத்தில் சிறு காமிரா வேண்டியவர்கள் 16 மில்லிமீட்டர் சுருளில் மிகச் சிறு படம் எடுத்துத் திருப்தியடைந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது சிறிய கருவிதானே தவிரச் சிறிய படம் அல்லவே என்பது வாஸ்கேயின் வாதம். அது எளிய வாதமாயினும் அதற்குமுன் யாரும் இவ்வளவு பிடிவாதமாக அதைப் பின்பற்றவில்லை. முதலாளி காமிராத் தொழிலையே விட்டுவிட முடிவு செய்துவிட்டபடியால், அவர் தம் திட்டத்தோடு ரோலை நிறுவனத்திற்குப் போனார். 1966-இல் கொலோன் நகரத்து ஃபோட்டோகினா கண்காட்சியில் ரோலை 35 வெளிவந்தது. ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் உயரம். ஆனால் உள்ளே பதிவது 24-க்கு 36 படம்தான்.

இக்கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு, ஒரு மனிதன் இடத்திற்காக எவ்வளவு பாடுபட முடியும் என்பது விளங்கும். லென்ஸ் குழாயோடு ஷட்டர் இதழ்கள் நகர்கின்றன. அவற்றின் வேகத்தை ஆளும் பற்சக்கரங்களோ உடலுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. இடமில்லாமையால் சுருளை நகர்த்தும் நெம்புகோல் இடது பக்கம் போயிற்று. பட எண்ணிக்கையைக் காட்டும் துவாரம் அடிப்பக்கம் போயிற்று. ஃபிளாஷ் விளக்கு மாட்டும் இடமும் அடியிலேயே அமைந்தபடியால், அப்படியே பிடித்தால் முகத்தின்மீது ஒளி கீழிருந்து விழும். தவிர்க்க வேண்டுமானால் காமிராவையே தலைகீழாகப் பிடிக்க வேண்டும். சுருளை நகர்த்தி ஷட்டரை ஆயத்தப்படுத்திய பிறகே லென்ஸை உள்ளே அமுக்கலாம். தூரமோ முழுக்க முழுக்க அநுமானம்.

நண்பர் ஒருவர் இரவலாகக் கொடுத்த ரோலை 35-ஐச் சில மாதங்கள் வைத்திருந்தேன். முதல் சுருளில் பாதிப் படங்கள் மங்கலாக வந்தன. குறை கருவியினுடையதல்ல, தூரம் தெரியாத என் கண்ணினுடையது. பிறகு நடந்து போகும் வழியெல்லாம், அந்த வேப்பமரம் எத்தனை அடி, இந்த வாசற்படி எத்தனை அடி என்று மதிப்பிட்டுப் பின்னர் அடியெடுத்து அளந்து பார்க்கும் பழக்கம் உண்டாயிற்று. மூன்றாம் சுருளுக்குள் கண் பழகிவிட்டது. காமிராவிலிருந்து நீக்கப்பட்ட ஓர் உறுப்பு என்னுள்ளே முளைத்தது போன்ற உணர்ச்சி அது. அந்தச் சந்தோஷத்தை இன்றும் மறக்கவில்லை.

ஜப்பானில் ஒலிம்பஸ் நிறுவனத்துக் காமிராச் சிற்பி மைதானி யோஷிஹிசா வேறு வழியில் போனார். 1959-இல் அவர் படைத்த பென் என்ற காமிரா, படத்தையே பாதியாக்கி 18-க்கு 24 என்ற சினிமா அளவுக்குத் திரும்பியது. ஆனால் 1979-இல் அவரே வெளியிட்ட எக்ஸ்.ஏ. முழு அளவுக்கு வந்தது. உறையும் லென்ஸ் மூடியும் இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் சங்கற்பம். ஆகவே உடலையே மூடியாக்கி, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவொன்றை வைத்தார். போகஸ் செய்யும்போது லென்ஸ் வெளியே நீளாதபடி உட்புறத்தில் மட்டும் அசைவை அமைத்தார். ரேஞ்ச்ஃபைண்டரையும் விடவில்லை. அவர் நீக்கியவற்றுள் மிகுதியானவை பயனாளிக்குத் தெரியாமலே நீக்கப்பட்டவை. கருவிச் சிற்பத்தில் இதற்கு மேலான சாமர்த்தியத்தை நான் கண்டதில்லை.

டிஜிட்டல் யுகம் வந்தபோது இந்தக் கணக்கெல்லாம் கலைந்தது. சிலிக்கன் வில்லையில் சென்சார் பெரிதாகப் பெரிதாக, ஒரு வில்லையிலிருந்து தேறும் எண்ணிக்கை குறைகிறது. வில்லையில் தவிர்க்க முடியாமல் இருக்கும் பழுதுகளில் ஒன்று ஒவ்வொரு பெரிய சென்சாரையும் கெடுத்துவிடும் வாய்ப்போ கூடுகிறது. எனவே பெரும்பாலான காமிராக்கள் சிறிய சென்சாரோடு வந்தன. பழைய 24-க்கு 36 அளவு எட்டாத ஆடம்பரமாகி, முழுச் சட்டம் என்ற பட்டத்தைப் பெற்றது. பிலிம் சுருளில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவாக இருந்த ஒன்று, விலையின் காரணமாக மகுடம் சூடிய கதை இது. 2002-இல் கனான் கொண்டுவந்த பெரிய எஸ்.எல்.ஆரில் அது இருந்தது. 2009-இல் லைக்கா எம்9 அதைப் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் உடலுக்குள் கொண்டுவந்தது. 2012-இல் சோனியின் ஆர்.எக்ஸ்.1 அதைக் கையடக்கப் பெட்டிக்குள் வைத்தது. ஆர்.எக்ஸ்.1-இல் லென்ஸைக் கழற்ற முடியாது. வியூஃபைண்டரும் உள்ளே இல்லை. லென்ஸைக் கழற்ற முடியாத வகையில் அது 1925-ஆம் ஆண்டு லைக்காவின் வழித்தோன்றலே.

ஜப்பானில் லென்ஸ் செய்யும் சிக்மா நிறுவனம் 2019-இல் அறிவித்த எஃப்.பி. என்னும் காமிரா இன்னும் ஒரு படி சென்றது. சாதாரணமாக எந்தக் காமிராவிலும் இருக்கும் இயந்திர ஷட்டரையே அதில் எடுத்துவிட்டார்கள். சென்சார் தன்மீது விழும் ஒளியை வரிவரியாக வாசித்துக்கொண்டு போகிறது. மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் இடையே கணப்பொழுது சென்றுவிடுவதால், வேகமாக ஓடும் வண்டி சாய்ந்து தெரியும். சில விளக்குகளின் கீழ் படத்தில் பட்டைகள் விழும். 2025-இல் அதே நிறுவனத்திலிருந்து வந்த பி.எஃப். என்னும் காமிராவோ சந்நியாசக் கோலமே பூண்டுவிட்டது. ஒரே அலுமினியக் கட்டியை ஏழு மணி நேரத்திற்குக் குறையாமல் குடைந்தெடுத்துச் செய்த உடல்; மூன்றே பொத்தான்கள், ஒரு சக்கரம், ஷட்டர் விசை; நினைவட்டைக்குப் பதிலாக 230 ஜிகாபைட் உள்நினைவகம்; ஃபிளாஷ் மாட்ட இடமில்லை, வியூஃபைண்டர் இல்லை, கைநடுக்கத்தைத் தணிக்கும் ஏற்பாடும் உடலில் இல்லை. பெயரின் இரண்டு எழுத்துகளும், ஒககுரா ககுஸோ 1906-இல் வெளியிட்ட தேநீர் நூலிலிருந்து எடுத்த சொற்களின் முதலெழுத்துகள் என்று கூறுகிறார்கள்.

அதன் அழகை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். மேஜைமீது வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு பொத்தான்களில் எதைத் தொடுவது என்று தடுமாறும் ஒருவர், இதை ஏந்தியவுடன் அமைதி அடைவார் என்பதும் உண்மையே. ஆனால் வாஸ்கேயின் காமிராவோடு ஒப்பிட்டால் ஒரு பேதம் புலப்படுகிறது. ரோலையில் ரேஞ்ச்ஃபைண்டரை நீக்கியபோது, அந்த வேலை என் கண்ணுக்கு வந்தது; பயிற்சியால் அதை நான் செய்து முடிக்க முடிந்தது. பி.எஃப்.-இல் ஃபிளாஷ் இல்லை என்றால், எந்தப் பயிற்சியும் எனக்கு ஃபிளாஷைத் தராது. ஓடும் பஸ்ஸின் சாய்வை என் திறமையால் நிமிர்த்த முடியாது. முந்தைய எளிமை ஒரு காரியத்தை மனிதனிடம் ஒப்படைத்தது. இந்த எளிமை அக்காரியத்தையே கைவிட்டுவிடச் சொல்லுகிறது.

உடல் சுருங்குவதற்கும் லென்ஸ் சுருங்குவதற்கும் உள்ள வித்தியாசமும் இங்கே முக்கியம். 24-க்கு 36 சட்டத்தின் மூலைவிட்டம் சுமார் 43 மில்லிமீட்டர். அவ்வளவு அகலமான ஒளிவட்டத்தை லென்ஸ் வார்க்க வேண்டும். பிலிம் எந்தச் சாய்விலிருந்து ஒளி வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்; சென்சாரின் ஓரங்களுக்கோ ஒளி கூடியமட்டும் நேராக வரவேண்டும். எனவே எல்மாரைப் போல ஒடுங்கி உள்ளே போகும் லென்ஸ் இன்று அரிதாகிவிட்டது. பி.எஃப்.-இன் உடல் மட்டும் பைக்குள் போகும். லென்ஸை மாட்டினால் போகாது. சட்டைப்பைக் காமிரா என்ற பழைய லட்சியம் லென்ஸில் வந்து தடைப்பட்டு நிற்கிறது.

இவற்றுள் ஒன்றே ஒன்றை மீட்டுத் தருவதாக யாராவது சொன்னால், நான் வியூஃபைண்டரைக் கேட்பேன். நண்பகல் வெயிலில் பின்புறத் திரை வெளிறிப் போகிறது. கைகளை நீட்டிப் பிடித்தால் கருவி ஆடுகிறது. நெற்றியோடு சேர்த்துப் பிடித்த காமிராவுக்கோ இரண்டு கைகளுக்கும் மேலாக மூன்றாவது தாங்கல் ஒன்று கிடைக்கிறது. ஒரு கண் சட்டத்துக்குள்ளும் மறு கண் தெருவிலுமாக இருக்க முடிகிறது. மூச்சுக்குத் திணறிய பர்னாக், எடையைக் குறைப்பதற்காக ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாமல் சமாளித்தார், மாற்று லென்ஸ் இல்லாமல் சமாளித்தார், தகட்டின் விசாலத்தையே துறந்தார்; ஆயினும் 1925-இல் விற்பனைக்கு வந்த அவருடைய காமிராவின் தலைமீது, கண்ணை வைத்துப் பார்ப்பதற்கென்று ஒரு சிறு குழாய் இருந்தது.